மவுண்ட் ஆல்பர்ட் மலையில் நவோமி சொன்னது

பினாங்கில் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, 2014 ஜூலையில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்குப் போனேன். சித்தி மகள் கமலா அங்கே மவுண்ட் ஆல்பர்ட் என்ற சிறு மலையின் அடிவாரத்தில் இருக்கிறாள். கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக் காரில் அரை மணி. ஜூலை அங்கே குளிர்காலம். மழைக்கோட்டு இல்லாமல் போகாதீர்கள்.

பக்கத்து வீட்டு நவோமி ஜப்பானியப் பெண். கணவர் டேவிட் அந்த ஊர்க்காரர். மகளுக்கு ஐந்து மாதம். நான் ஜப்பானிய மொழியில் பேசியதும் உள்ளே அழைத்துத் தேநீர் தந்தாள். வீடு அவ்வளவு சுத்தம். குழந்தை அழுதபோது தூக்கினாள், பால் கொடுத்தாள், துணி மாற்றினாள். ஆனால் அதனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கமலாவிடம் சொன்னேன். "ஜப்பான்காரங்க அப்படித்தான் அக்கா. எதையும் வெளிய காட்டிக்க மாட்டாங்க" என்றாள்.

மறுநாள் ரயிலில் நகர மையத்துக்குப் போவதாக இருந்தேன். அதை விட்டுவிட்டு நவோமியை மலைக்குக் கூப்பிட்டேன். உச்சிவரை தார்ச்சாலை, தள்ளுவண்டி தாராளமாகப் போகும். மேலே உட்கார்ந்ததும், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று சிரித்தாள். வெகுநேரம் கழித்து, கடலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"இவளுக்கு வேற அம்மா கிடைச்சா நல்லா இருப்பா. நான் இல்லாம போயிடணும்னு தினமும் தோணுது."

பிறகு மெல்ல மெல்ல மற்றதும் வந்தது. குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வரும் நர்ஸ் ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்லியிருக்கிறாள். கிளினிக்கில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வரவழைத்தார்கள். அவரோ தாய்மார் குழுவில் இவள் வாராவாரம் பார்க்கிறவர். எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று அங்கேயும் சிரித்து வைத்தாள். ஒசாகாவில் இருக்கும் அம்மா, எல்லாத் தாயும் பட்டதுதான், பொறுத்துக்கொள் என்றாராம். இது பிள்ளை பெற்றபின் வரும் மனச்சோர்வு, ஒரு நோய் என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை.

டேவிடிடம் சொல்லாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வாக்கை மட்டும் என்னால கொடுக்க முடியாது, நவோமி. நீ உயிரோட இருக்கணும்" என்றேன். அப்போதுதான் அழுதாள்.

நான் தொலைபேசியில் சொன்னதும் டேவிட் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். தூக்கமில்லாத களைப்பு என்று நினைத்திருந்தாராம். அன்றே டாக்டரிடம் போனோம். நானே மொழிபெயர்க்கிறேன் என்றதற்கு, தெரிந்தவர் வேண்டாம் என்று டாக்டர் சம்மதிக்கவில்லை. வேறு ஊரில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தார். நான் குழந்தையோடு வெளியே உட்கார்ந்திருந்தேன். மருந்தும் பேச்சு சிகிச்சையுமாக நவோமி தேறி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். குழந்தையைக் கொஞ்சிவிட்டுத் திரும்பி வராதீர்கள். தாயைத் தனியாக, அவளுடைய மொழியிலேயே விசாரியுங்கள். மொழிபெயர்ப்பவர் தெரிந்தவராக இருந்தால், வேறு ஆள் வேண்டும் என்று கிளினிக்கில் கேட்கலாம். சாவைப் பற்றிப் பேசினால் அவளைத் தனியே விடாதீர்கள். உடனே உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

2016இல் மறுபடி போனேன். நவோமி மகளோடு ஓடி விளையாடினாள். மாலையில் டேவிட் மகளின் பழைய படங்களைக் காட்டினார். அந்த 2014 குளிர்காலத்தில் எடுத்த ஒன்றில் குழந்தை வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தது.

"இவ எப்ப இப்படிச் சிரிச்சா?" என்று கேட்டாள் நவோமி.

படத்தில் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தது அவள்தான்.