கண்ணைக் கட்டிக்கொண்டு பார்த்த குதிரை

பார்வையில்லாமலே தங்கை பள்ளிப் படிப்பை முடித்தாள், தனியாகப் பஸ் ஏறினாள், முதலில் கையை விரித்த மியூசியத்திலேயே வழிகாட்டி வேலையையும் வாங்கினாள். அந்த வேலையைத்தான் அண்ணன் கெடுக்க இருந்தான்.

வேலைக்கு முன் ஒரு வெள்ளோட்டம் வைத்தார்கள். பத்துப் பேர் கண்ணைக் கட்டி, முன்னால் நிற்பவர் தோளைப் பிடித்து, அவள் பின்னால் போய்ச் சிலைகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் கட்டை அவிழ்த்தாலும் இந்தத் தொட்டுப் பார்க்கும் திட்டமே கிடையாது, அவள் வேலையும் இல்லை என்றார் மேலாளர். தச்சுவேலை செய்யும் அண்ணன், தங்கையின் தோளைப் பிடித்து முதல் ஆளாக நின்றான்.

காலில் படிக்கட்டு தட்டியதும் அவனுக்குப் பகீரென்றது. தோளை விட்டுவிட்டுக் கண்கட்டுக்குக் கையைக் கொண்டுபோனான்.

"அண்ணா, கைய தோள்ல வை."

"படி இருக்குடி, விழுந்துடப் போற!"

"நீ கட்ட அவுத்தாதான் நான் விழுவேன். பேசாம வா."

பின்னால் சிரித்தார்கள். அவன் கையைத் திரும்பத் தோளில் வைத்தான்.

மேலே போனதும் அவன் உள்ளங்கையை ஒரு கல்குதிரையின் கழுத்தில் வைத்தாள். நரம்பு புடைத்திருந்தது. மூக்குத்துளையில் விரல் பட்டதும், சூடாக மூச்சு வரும் என்று பயந்து கையை இழுத்துக்கொண்டான்.

"அடியே, இது உயிரோட நிக்குதுடி!"

"மெதுவா சொல்லு, மிரண்டுடப் போகுது."

கடைசிவரை யாரும் கட்டை அவிழ்க்கவில்லை. அதுவரை எல்லா இடத்திலும், பார்வையில்லை என்று அவளிடம் கைநாட்டுத்தான் வாங்கினார்கள். அன்று வேலை ஒப்பந்தத்தில் அவள் தன் பெயரை எழுதி முதல் கையெழுத்துப் போட்டாள். தேதி 1998, மார்ச் 12.