காய்ந்து பழகிய கன்றுகள்

நமுனுகுல பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலை நாற்று மேடையில் எனக்கு வேலை. மண் நிரப்பிய பைகளில் வளரும் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் நிழல் வலையைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு.

ஒரு முறை தண்ணீர் மோட்டார் பழுதானது. ஓடையிலிருந்து வாளியில் சுமந்து ஊற்றினேன். கீழ்ப் பாத்திகளுக்கே அது சரியாகப் போனது. மேலே இருந்த இரண்டு பாத்திகளுக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் ஊற்ற முடிந்தது. மோட்டார் சரியான பிறகு அந்தக் கன்றுகள் பிழைத்துக்கொண்டன. ஆனால் மற்றவற்றைவிடக் குட்டையாகவே நின்றன. அவற்றைப் பட்டினி போட்டது நான்தான் என்று மனதுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

தேயிலை நடும் மலைகளை மேற்பார்வை செய்யும் தோட்ட அதிகாரி, கண்டக்டர் ஐயா, வந்து பார்த்தார்.

"என்னம்மா இது, வளரவே இல்ல? தூக்கி வீசிருங்க."

"உசிரோடதாங்க ஐயா இருக்கு. நட்டுப் பாப்போங்க."

கன்றுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் சம்மதித்தார். ஒரே மலையில் இரண்டு வகையையும் பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் நட்டோம். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. நடுப்பகலானால் உயரமான கன்றுகள் துவண்டு விழுந்தன, இலையோரம் கருகியது. குட்டைக் கன்றுகள் மங்கிப்போயின, ஆனால் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன.

பதுளையில் உயிரியல் படிப்பிக்கும் என் தங்கச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது, அவளைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"மண்ணு காஞ்சா செடிக்குள்ள அப்சிசிக் அமிலம்னு ஒரு ஹார்மோன் கூடும்க்கா. அதுதான் இலையில இருக்கிற சின்னத் துளைகளை மூட வைக்குது. தண்ணி ஆவியாப் போறது குறைஞ்சிரும்."

"அப்ப ஏன் குட்டையா நிக்குது?"

"துளை மூடினா காத்தும் உள்ள வராதுல்ல? சாப்பாடு செய்யிறது குறையும். வளரச் சொல்ற ஹார்மோனும் அடங்கிரும். ஒருதரம் காஞ்ச செடி, அடுத்த தரம் சீக்கிரமே மூடிக்கும். எல்லாச் செடியும் அப்படின்னு சொல்ல முடியாது."

எனக்கு மனசு லேசானது. கூடவே, அடுத்த கன்றுகளையும் அப்படிக் காய்ச்சலுக்குப் பழக்கிப் பார்க்கும் ஆசையும் வந்தது. அடுத்த தொகுதியில், நடுவதற்கு முந்திய வாரங்களில் நானே தண்ணீரைக் குறைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பாத்தியில் அவசரப்பட்டு ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். அதில் பாதிக் கன்றுகள் செத்துப்போயின.

மறுநாள் காலையில் நானே போய்க் கண்டக்டர் ஐயாவிடம் நடந்ததைச் சொன்னேன். கோபத்தில் அவர் முகம் சிவந்துவிட்டது. பாத்தியைச் சுற்றி நடந்து, மிச்சமிருந்த கன்றுகளைப் பார்த்தார்.

"கொஞ்சங் கொஞ்சமா குறைச்ச பாத்தி எது?"

காட்டினேன். அதில் கன்றுகள் குட்டையாக இருந்தாலும் சாகாமல் நின்றன. ஒரு பையைக் கையில் எடுத்து, மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இனிமே எங்கிட்டச் சொல்லிட்டுக் குறைங்க," என்றார்.

அப்படித்தான் இப்போது செய்கிறோம்.