பூக்காரம்மாவின் கடைவாய்ப் பல்

தொண்ணூறுகளின் தொடக்கம். அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரியில் சேர, பல்லைத் துளைத்து அடைத்துக் காட்டும் தேர்வு உண்டு. பழகுவதற்காக, நோயாளிகளிடம் பிடுங்கிய பற்களைச் சேர்த்துவந்தேன். குரோம்பேட்டையில் என் கிளினிக்குக்கு வந்த பூக்காரம்மாவின் கடைவாய்ப் பல்லை அடைத்தே காப்பாற்றியிருக்கலாம். “எடுத்துடணும்மா” என்றேன். மனசு உறுத்தியதால், பரீட்சைக்குப் பல் தேவை என்பதையும் சொல்லிவைத்தேன்.

“படிப்புக்கா சார்? பக்கத்துல இன்னொன்னும் லேசா வலிச்சிகினு கீது. அதையும் எடுத்துக்கோ” என்று வாயைத் திறந்தார்.

குறடைக் கீழே வைத்தேன். “எடுக்க வேணாம்மா. நான்தான் தப்பா சொல்லிட்டேன்.” ஒரு மணி நேரம், “வலிக்குதாம்மா?” என்று கேட்டுக் கேட்டு இரண்டையும் அடைத்தேன்.

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தத் தேர்வில், மேசைமேல் தனியாக இருந்த பல்லைத் துளைக்கும்போதும் என்னையறியாமல் கேட்டேன்: “வலிக்குதாம்மா?”