பீலித் தண்ணீர் சிவந்த நாள்

கெம்பஸில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஆறு மாதப் பயிற்சிக்காக நுவரெலியா மாவட்டத்தில் ஒரு சின்ன நகரத்து அரச அலுவலகத்துக்கு என்னை அனுப்பினார்கள். எங்கள் வீடு ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். விடியும்போதே வீட்டை விட்டு இறங்கி, ஹட்டனுக்கு வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்துப் போக வேண்டும். இப்போது கொழும்பில் ஏ.சி. போட்ட கட்டடத்தில் வேலை செய்கிறேன். ஆனாலும் யாராவது "ஒபிஸ்" என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தகரக் கூரைக் கட்டடம்தான்.

மத்தியானம் ஆனதும் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். அந்த ஈரத்துக்கு ஃபோட்டோ கொப்பி மெஷின் கடதாசியை இழுக்காது. மேசை விளக்கின் கீழே கடதாசிக் கட்டைக் காயவைத்து எடுத்துத்தான் கொப்பி அடிப்போம். எல்லோர் மேசையிலும் இஞ்சி போட்ட பிளேன்டீ ஆறிக்கொண்டிருக்கும்.

என்னைப் போட்டது வெள்ளம், மண்சரிவு பார்க்கும் அனர்த்தப் பிரிவில். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு மேசை, ஒரு தொலைபேசி, சுவரில் ஒரு பெரிய வரைபடம், அதற்குப் பொறுப்பாக ஒரு சிங்கள அக்கா. அவ்வளவுதான். அவர் என்னை "நங்கி" என்று கூப்பிடுவார், சிங்களத்தில் தங்கச்சி என்று அர்த்தம். அவருடைய தமிழும் என்னுடைய சிங்களமும் ஏறக்குறைய ஒரே அளவு. அவருடைய பலாக்காய்க் கறியும் என் அம்மாவின் ரொட்டியும் சம்பலும் மத்தியானத்தில் ஒரே தட்டில் சேர்ந்துவிடும். மரியாதையாகப் பேச "ங்க" சேர்க்க வேண்டும் என்று ஒருநாள் சொல்லிக்கொடுத்தேன். அதை அவர் எல்லாவற்றுக்கும் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். "நங்கி, பஸ் போயிட்டாங்க", "மழை வர்றாங்க" என்பார். நான் திருத்தவில்லை. கேட்க அவ்வளவு ஆசையாக இருக்கும்.

சிங்களத்தில் வரும் அறிவித்தல்களைத் தமிழில் எழுதிக்கொடுப்பதுதான் என் வேலை. "மண்சரிவு அபாயம் நிலவுவதால் மலையடிவாரப் பிரதேசங்களில் வசிப்போர் உடனடியாக வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்" என்றெல்லாம் அழகாக எழுதுவேன். வானொலிச் செய்தி மாதிரி இருக்கிறது என்று எனக்கே பெருமையாக இருக்கும்.

ஐப்பசி மழை பிடித்தது. பகலும் இரவும் விடவில்லை. ஒருநாள் மத்தியானம் தலைமை அலுவலகத்திலிருந்து அவசரமாக எச்சரிக்கை வந்தது. எங்கள் பிரதேசத்தில் ஒரு தோட்டம், அதில் மலையடிவாரத்தில் ஒரு லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். மேலே இருக்கும் மலை எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம், பொழுது சாய்வதற்குள் ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்றார்கள். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான கிராம உத்தியோகத்தர் உடனே கிளம்பினார். ஆனால் பாதி வழியில் பாதையின் மேல் மண் சரிந்து கிடந்தது. வாகனம் போக வழியில்லை, நடந்து போகவும் முடியவில்லை.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தொலைபேசி இலக்கம், அந்த லயத்துத் தலைவருடையது. அக்கா எடுத்துப் பேசிப் பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். இவர் சொன்னது அவருக்கு விளங்கவில்லை, அவர் சொன்னது இவருக்கு விளங்கவில்லை. "நங்கி, நீ பேசு" என்று என் கையில் கொடுத்துவிட்டார்.

நான் எழுதி வைத்திருந்ததை அப்படியே வாசித்தேன். அபாயம், பிரதேசம், வெளியேறுமாறு எல்லாம்.

"சரிங்க மிஸ்," என்றது அந்தக் குரல். "எங்க வீட்டுக்காரரு டவுனுக்குப் போயிருக்காரு. வந்தொன்ன சொல்லிர்றேங்க."

அவ்வளவுதான், வைத்துவிடப் போகிறார் என்று தெரிந்தது. "வைக்காதீங்க, வைக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். "இப்பவே போகணும். எல்லாரும் போகணும்."

"இந்த மழைக்கு எங்க மிஸ் போறது? போன வருசமும் இப்படித்தான் சொன்னாங்க. ஸ்கூல்ல போய் ஒக்காந்தோம். ஒண்ணுமே நடக்கல. திரும்பி வந்து பாத்தா எங் கோழி அத்தனையும் காணோம். பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு வேற காய்ச்சல். ஒல வச்சிருக்கேன், சோறு பொங்குது."

அவர் சொன்னதில் எது பொய்? எங்கள் லயத்தில் என் அம்மாவும் இதையேதான் சொல்லியிருப்பார்.

பக்கத்தில் நின்ற அக்கா என் தோளைத் தட்டி, பீலியில் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்கும்படி சிங்களத்தில் சொன்னார். மலையிலிருந்து குழாய் வைத்து எடுக்கும் தண்ணீர்தான் பீலி. லயத்து ஆட்களுக்குக் குடிக்க, குளிக்க எல்லாம் அதுதான்.

கேட்டேன்.

"காலையில இருந்து செவப்பா வருது," என்றார். "சேறு மாதிரி. மழைக்குத்தான்னு நெனச்சோம்."

நான் சொன்னதும் அக்காவின் முகம் மாறிவிட்டது. மலைக்குள்ளே மண் கரையத் தொடங்கிவிட்டது என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு எழுதி வைத்த தமிழ் எதுவும் வரவில்லை.

"அக்கா, நான் மிஸ் இல்லக்கா. ஹட்டன் பக்கம் தோட்டத்துப் புள்ள. எங்க அம்மா கொழுந்து பறிக்கிறாங்க. நாங்களும் லயத்துலதான் இருக்கோம். எங்க வீட்டு பீலி இப்படி வந்தா எங்கம்மாவை நான் கையப் புடிச்சி இழுத்துக்கிட்டு வந்திருவேன். உங்க கையப் புடிக்க இங்க இருந்து எனக்கு ஏலாது. சோறு கெடக்கட்டும்க்கா. எழும்புங்க."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. தகரத்தில் விழும் மழை, எங்கள் வீட்டிலும் அதே சத்தம்தான்.

"எங்க போகட்டும் புள்ள?" என்று கேட்டார். மிஸ் போய்ப் புள்ள ஆகிவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போக ஓடையைத் தாண்ட வேண்டும், ஓடை நிரம்பிப் போகிறது என்றார். கோயில் அடுத்த மேட்டில் இருக்கிறதாம். அக்கா வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். "கோயிலுக்குப் போங்க," என்றேன். "ஒரு வீடும் விடாம தட்டுங்க." அவர் ஃபோனை வைக்காமலே வாசலில் இறங்கிக் கத்தியது எனக்குக் கேட்டது. "ஏய், எல்லாரும் வெளிய வாங்க! ஒபிஸ்ல இருந்து நம்ம புள்ள பேசுது!" அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப எடுத்தும் கிடைக்கவில்லை.

அன்று ஹட்டன் பஸ்ஸும் ஓடவில்லை. அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். சுடச்சுடச் சோறு போட்டார், ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவர்கள் போனார்களா, பாதி வழியில் திரும்பிவிட்டார்களா என்றே மனம் அடித்துக்கொண்டது. ஒன்றும் நடக்காமல் போய், அந்தப் பெண் என்னை நன்றாகத் திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை நாங்கள் அலுவலகக் கதவைத் திறக்கும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் எடுத்தேன்.

"எல்லாரும் இருக்கோம் புள்ள," என்றது அதே குரல். "லயத்தத்தான் காணோம்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா பயந்துபோய் ரிசீவரைப் பிடுங்கி, "ஹலோ, ஹலோ" என்றார். "எல்லாரும் இருக்காங்க" என்று நான் சொன்னது அவருக்கு விளங்கிவிட்டது. அவரும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பாதை திறந்ததும் அரிசி, பருப்பு, கம்பளியெல்லாம் ஏற்றிக்கொண்டு அந்தக் கோயிலுக்குப் போனோம். கோயில் மேட்டிலிருந்து பார்த்தால் எதிர் மலையில் சிவப்பாக ஒரு கிழிசல். அதன் கீழே லயம் இருந்த இடத்தில் மண்ணும் தேயிலைச் செடிகளும் மட்டும்தான். என்னால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை.

கோயிலுக்குள்ளே யாரோ பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

"அக்கா," என்றேன்.

திரும்பிப் பார்த்தார். மெலிந்த, குள்ளமான பெண். ஒரு சொல்லிலேயே அவருக்கும் தெரிந்துவிட்டது.

"நீதானா? இம்புட்டுச் சின்னப் புள்ளையா? பெரிய ஆளுன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருக்கோம்!" என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பொங்கின சோத்த அப்படியே விட்டுட்டு வந்தேன் தெரியுமா? கோழியெல்லாம் போச்சி. கலியாணப் படம் போச்சி. ஒண்ணையும் எடுக்க விடல நீ." திட்டிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன்.

பின்னால் நின்ற சிங்கள அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கள் இருவர் முதுகையும் தடவிக்கொண்டு, "அழாதீங்க, அழாதீங்க. மழை போயிட்டாங்க" என்றார். கோயிலில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். மழை பிடித்த நாளிலிருந்து நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

என் பயிற்சி முடிந்தபோதும் அவர்களுக்கு வீடு கிடைத்திருக்கவில்லை. தற்காலிகக் கொட்டில்களில்தான் இருந்தார்கள். கடைசி நாள் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். லயத்து அக்கா ரொட்டி சுட்டுக் கட்டித் தந்தார். சிங்கள அக்கா பஸ் நிலையம் வரை வந்து, பஸ் திரும்பும்வரை கையசைத்துக்கொண்டே நின்றார். இருவருடனும் இன்றைக்கும் ஃபோனில் பேசுகிறேன். பிறகு ஒருவழியாக வீடு கிடைத்து, லயத்து அக்கா அதில் விளக்கேற்றிய அன்று முதலில் எனக்குத்தான் அழைப்பு வந்தது.

அதன் பிறகு எத்தனையோ அறிக்கை எழுதிவிட்டேன், எத்தனையோ கூட்டங்களில் பேசிவிட்டேன். ஆனால் முகமே தெரியாத ஒருத்தர் என் வார்த்தையை நம்பி, பொங்கும் சோற்றை விட்டு எழும்பி மழைக்குள் இறங்கினாரே, அப்படி ஒரு நம்பிக்கைக்குத் தகுந்த மாதிரிப் பேசுகிறேனா என்று ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன்.