நாற்பது வெள்ளைத் துணியும் பிளேன் டீயும்

1964 பெப்ரவரி 12, புதன்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். தூறல் விட்டிருந்தது, குளத்தின் மேல் பனி மூடியிருந்தது. அந்த நேரத்தில்தான் நாற்பதாவது துணியைக் கட்டி முடித்தேன்.

பல்லேபொல என்ற ஊருக்கு அப்பால் இருந்த அந்தக் குளத்துக்கும் அதில் கூடு கட்டும் பறவைகளுக்கும் நான்தான் பொறுப்பாளன். தண்ணீருக்குள் ஏழு மருதமரங்கள் நின்றன. முந்திய வருடம் அவற்றில் நூற்றிப் பதினெட்டுக் கொக்குக் கூடுகள். இந்த வருடம் ஒன்றுகூட இல்லை. கொக்குகள் சாயங்காலம் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அன்று நாலு மணிக்குப் பெரிய அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. கூடு இல்லாவிட்டால் சரணாலயத்தை ரத்துச் செய்து குளத்தை வயலுக்கு விட்டுவிடுவார்கள். என் வேலையும் அதோடு போகும்.

கூட்டம் இருக்கிற கடைக்குத்தான் ஆள் போகும். கொக்கும் அப்படித்தான் என்று யோசித்தேன். நாலு வேட்டிகளை, ஒன்றுக்குப் பத்தாகக் கிழித்து, வள்ளத்தில் போய்க் கிளைகளில் கட்டினேன். தூரத்தில் பார்த்தால் கொக்கு உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

"எல்லா வேட்டியையும் கொக்குக்குக் கட்டிட்டீங்க. வர்ற தொரைக்கு முன்னால நீங்க எதைக் கட்டிக்கிட்டு நிப்பீங்க?" என்று கேட்டாள் மனைவி.

காற்சட்டையைத் தேடினேன்.

ஒன்பது மணிக்குச் சந்திக் கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், சைக்கிளில் ஒரு சீனி மூட்டையையும் சாமான் பையையும் இரண்டு பிஸ்கட் டின்னையும் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க மவுத்தாகலியா?"

"இல்லையே நானா."

"அப்ப தங்கச்சியா?"

"என் வீட்டுக்காரி அடுப்படியில இருக்கா."

"பின்ன யாருக்கு இவ்வளவு வெள்ளைக் கொடி? பஸ்ஸில வந்தவன் பூரா சொல்றான், குளத்து ஐயா போயிட்டாருன்னு!"

அப்போதுதான் புரிந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் தண்ணீர் தெரியாது; எங்கள் குவாட்டர்ஸும் அதற்குப் பின்னால் வெள்ளைத் துணி தொங்கும் மரங்களும் மட்டுமே தெரியும். செத்த வீட்டுக்குத்தானே எங்கள் பக்கத்தில் வெள்ளைக் கொடி கட்டுவார்கள். அவிழ்க்கலாம் என்றால் கொக்குகளின் கதி? அவிழ்க்கவில்லை.

மத்தியானத்துக்குள் ஐம்பத்தேழு பேர் வந்துவிட்டார்கள். அரை நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள். யாரும் சாகவில்லை என்பதில் சிலருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். செத்த வீடு என்று வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். நானா கொண்டுவந்த சாமானில் இஞ்சி தட்டிப் போட்ட, பால் சேர்க்காத பிளேன் டீயையும் பிஸ்கட்டையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பாருங்கடா, பொணமே டீ ஊத்துது!" என்றான் ஒருவன்.

"சீனி கொஞ்சம் கூடப் போடச் சொல்லு. போறப்பவாவது தாராளமா இருக்கட்டும்" என்றான் இன்னொருவன்.

நாலு மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி இறங்கி, கூட்டத்தையும் கொடிகளையும் பார்த்து, தொப்பியைக் கழற்றினார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப வருத்தமா இருக்கு. நான் அடுத்த மாசம் வர்றேன்."

ஒரு மாத அவகாசம்! ஆனால் யார் செத்தது என்று கேட்டால் என்ன சொல்வது? "யாரும் சாகலைங்க ஐயா, அது கொக்குக்குக் கட்டினது" என்று சொல்லிவிட்டேன். அவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு டீ கேட்டார்.

ஐந்தே முக்காலுக்குக் கொக்குகள் வந்தன. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, துணிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக இறங்கின.

"அறுபத்தி மூணு!" என்றார் அதிகாரி.

என்னால் தப்புக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. "நாப்பதைக் கழிச்சுக்குங்க ஐயா, அது என் வேட்டி."

"அப்ப இருபத்தி மூணு. கூடு?"

ஒரு கொக்கு சுள்ளியோடு வந்து கிளைக்கவையில் வைத்தது. அதன் ஜோடி பக்கத்துத் துணியிலிருந்து ஒரு நூலை இழுத்து இழுத்துப் பிடுங்கி, அந்தச் சுள்ளியின் மேலேயே போட்டது.

அதிகாரி சிரித்தார். "கட்ட ஆரம்பிச்சிருச்சு. இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும்."

கூட்டம் கைதட்ட, கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. நான் பதறிப்போனேன். நல்ல வேளை, திரும்ப வந்து உட்கார்ந்தன, இருபத்தி மூன்றும்.

செத்த வீட்டுக்குச் சாமான் அனுப்பும் கடைக்காரர் அன்றைக்கு விலை பேசமாட்டார். மறுநாள் காலையில் நானா வந்து பேசினார். சீனி, தேயிலை, இஞ்சி, இரண்டு டின் பிஸ்கட்: முப்பத்தெட்டு ரூபாய் எழுபது சதம்.