ஏழு நாளும் அடித்த மேளம்

எங்கள் தெரு அம்மன் கோயிலில் மேளத்தையும் மணியையும் மோட்டார்தான் அடிக்கும். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அங்கே விசேஷ அபிஷேகம். அன்றைக்குப் பூசாரி ஸ்விட்சுக்கும் சன்னதிக்கும் ஓடி ஓடி இளைத்துப்போவார்.

"நீ கம்ப்யூட்டர் வேலைதானம்மா செய்யிற? அது தானா அடிக்கிற மாதிரி பண்ணிக் குடேன்" என்றார் கோயில் கமிட்டித் தலைவர்.

நான் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் சோதிக்கிறவள். அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தத் தைரியத்தில் சரி என்றேன்.

உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர், பொழுதுபோக்குக்காக வாங்கியது, என்னிடம் இருந்தது. அதை மேள மோட்டாரோடு இணைக்க, சமையல் மேடையில் வைத்து ஒயர்களைப் பற்றவைத்தேன். முதல் தடவை ஈயம் சரியாகப் பிடிக்காமல் உருண்டையாக நின்றுவிட்டது. பிடிக்காத பழைய ஈயத்தை எடுக்க ஒரு விசித்திரமான வழி உண்டு. அதன்மேல் இன்னும் கொஞ்சம் புது ஈயத்தை உருக்கி ஊற்றவேண்டும். இரண்டும் இளகிச் சேர்ந்து வந்துவிடும்.

தறியிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்க வந்த என் கணவர் பார்த்தார். "எடுக்கணும்னு சொல்லிட்டு மேல மேல வெச்சிக்கினு இருக்கியே?"

விளக்கினேன்.

"நம்ம கமிட்டியிலயும் பழைய ஆளை எடுக்கத்தான் புது ஆளுங்களைச் சேர்த்தாங்க. எல்லாரும் ஒட்டிக்கினாங்க" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார்.

அடுத்து கட்டளை. எப்போது எது நடக்கவேண்டும் என்று ஒரே வரியில் எழுதிவைத்தால் கம்ப்யூட்டர் தானாகச் செய்யும். கிரான் என்று அதற்குப் பெயர். காலை ஆறு மணி, தேதி ஒன்று முதல் ஏழு வரை, கிழமை வெள்ளி என்று எழுதினேன். முதல் ஏழு தேதிக்குள் ஒரே ஒரு வெள்ளிதானே வரும்? என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மாதம் திங்கட்கிழமை பிறந்தது. ஆறு மணிக்கு மேளம் முழங்கியது. பூசாரி தலையில் சோப்பு நுரையோடு குழாயடியிலிருந்து ஓடிவந்தார். செவ்வாயும் முழங்கியது. புதன்கிழமை அம்மன் தானாக மேளம் அடிக்கிறாள் என்று கேள்விப்பட்டு வாலாஜாபாத்திலிருந்தே பஸ் ஏறி வந்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் கிரானுக்கான கையேட்டை ஒழுங்காகப் படித்தேன். படித்ததும் நேராகத் தலைவரிடம் போனேன்.

"ஐயா, அம்மன் இல்ல. நான் எழுதினதுதான் தப்பு. தேதியும் சொல்லி, கிழமையும் சொன்னா, ரெண்டும் பொருந்தணும்னு அது எடுத்துக்காதாம். எது ஒண்ணு பொருந்தினாலும் அடிச்சிடுமாம். அதான் ஏழாந்தேதி வரைக்கும் தெனமும் அடிக்கும்."

"ரெண்டும் சொன்னா ரெண்டும்தானே பொருந்தணும்?"

"நியாயப்படி அப்படித்தான்."

"அப்ப அதுக்கு இந்தப் புத்தியக் குடுத்தது யாரு?" என்றார், சன்னதிப் பக்கம் கையைக் காட்டி.

மாற்றிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"கை வெக்காத! ஏழாம் நாள் வரைக்கும் உபயம் எழுதியாச்சு. நாளைக்குப் பொங்கல் உங்க வீடுதான்."

என் தப்பைக் கொண்டாட வியாழக்கிழமை விடியற்காலை நானே பொங்கல் கிண்டினேன். ஏழாம் நாள் உபயத்தைத் தலைவரே எடுத்துக்கொண்டார். அவருக்கு மாலை போட்டார்கள், மைக் கட்டினார்கள்.

எட்டாம் நாள் மேளம் அடிக்கவில்லை. கூட்டம் ஆறேகால் வரை பொறுத்துப் பார்த்தது. "அம்மனுக்குக் கோவம் வந்துடுச்சு. நேத்து யாரு உபயம்?" என்று ஒரு அம்மாள் சத்தமாகக் கேட்டாள்.

தலைவர் என் வீட்டுக்கு ஓடிவந்தார். "எம்மா, உடனே அடிக்க வைம்மா! தெனமும் அடிக்கட்டும்!" துணைக்குப் பூசாரியையும் இழுத்துவந்திருந்தார். பூசாரி காலைப் பூஜை முடித்து சாயப்பட்டறைக்குப் போகிறவர். வாரம் முழுக்கத் தாமதமாகப் போய் முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். 'தெனமும்' என்றதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

மடிக்கணினியைத் திறந்து, கோயிலில் இருந்த கம்ப்யூட்டரோடு இணைத்தேன். எழுதியதைத் திருத்த e போடவேண்டும். மொத்தத்தையும் அழிக்க r. விசைப்பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. அவசரத்தில் என் விரல் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அழிக்கட்டுமா என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் கிரான் எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் தலைவர்.

"எல்லாம் போச்சுங்க."

அந்த ஒரு வரியை மறுபடி எழுத எனக்கு ஒரு நிமிஷம் போதும். வாயைத் திறந்தேன். தலைவரின் முதுகுக்குப் பின்னால் பூசாரி என்னைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு நின்றார். வாயை மூடிக்கொண்டேன்.

தலைவர் லேசுப்பட்டவர் இல்லை. கோயிலுக்குத் திரும்பும் வழியிலேயே யோசித்து முடித்துவிட்டார். அம்மன் இன்றுமுதல் மௌன விரதம் என்று மைக்கில் அறிவித்தார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. விரதத்துக்கும் உபயம் எழுத ஆள் வந்தது.

பூசாரி சைக்கிளை எடுத்தார். அன்றைக்கு அவர் நேரத்தோடு பட்டறைக்குப் போனார்.