பெஞ்சுக்காரனும் இசக்கிதுரையும்

இசக்கிதுரைக்குப் பொறாமை என்று நான் சொன்னால் அடிக்க வருவான். இருந்தாலும் சொல்கிறேன். தாராவியில் ஒரே சந்தில் பல வருடமாக நான் அவனுக்கு அடுத்த வீட்டுக்காரன். அவன் வயிறு எரிகிற வாடை எனக்குத்தான் முதலில் வரும்.

வாரம் முழுக்கத் தோல் பை கார்கானாவில் ஜிப் தைப்பான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஃபுட்பால். எங்கள் பக்கத்தில் அவனை மிஞ்ச ஆள் இல்லை என்பது உண்மை. செம்பூர், விக்ரோலி என்று எங்கே போட்டி நடந்தாலும் கோப்பையும் கையுமாகத்தான் திரும்புவான். அப்படிப்பட்டவனுக்குப் பேச்சிராஜா என்ற பெயரைக் கேட்டால் மட்டும் சோறு இறங்காது.

பேச்சிராஜாவும் எங்கள் சந்துப் பையன்தான், இவனைவிடக் கொஞ்சம் இளையவன். இருவரும் ஒன்றாகத்தான் ஒரு பெரிய கிளப்பின் தேர்வுக்குப் போனார்கள். அவனை எடுத்துக்கொண்டார்கள், இவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு இரவல் ஷூ காலைக் கடித்ததுதான் காரணம் என்று இசக்கிதுரை சொல்லாத ஆள் இல்லை. அவன் சம்பளத்துக்கு ஆடுகிறான், இவன் ஜிப் தைக்கிறான், நடுவில் இருப்பது ஒரு ஷூ. இந்தக் கணக்கை நம்பித்தான் இத்தனை காலம் தலைநிமிர்ந்து நடந்தான்.

பேச்சிராஜாவின் அணி ஆடும் மேட்ச் போனில் வந்தால் முதல் ஆளாகப் பார்ப்பவனும் இவன்தான். ஆட்டத்தைக் கவனிக்க மாட்டான். மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சைக் காட்டும்போது மட்டும் கண்ணைச் சுருக்குவான். பேச்சிராஜா ஆட்டம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தால் இவன் வீட்டில் அன்று கறிக்குழம்பு என்று கேலி செய்வோம்.

"உக்காந்து கெடக்கதுக்குச் சம்பளம் வாங்குதாம்லே. நானா இருந்தா ஓடியாவது காட்டுவேன்" என்பான்.

பொங்கலுக்கு மறுநாள் எங்களுக்கு ஒரு ஆட்டம் உண்டு. கல்யாணமானவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் மறுபக்கம். இசக்கிதுரையும் நானும் கல்யாணமானவர்கள் பக்கம்; தொப்பை போட்டவன் என்பதால் நான்தான் கோல்கீப்பர். கல்யாணமாகாத பேச்சிராஜா வந்தால் எதிர்ப்பக்கம்தானே நிற்க வேண்டும், அவன் காலிலிருந்து பந்தைப் பறித்துக் காட்டிவிட்டால் ஷூ விஷயம் ஊருக்கே விளங்கிவிடும் என்று இசக்கிதுரை வருடா வருடம் காத்திருந்தான். சீசன் நடுவே பேச்சிராஜாவால் வர முடிந்ததே இல்லை.

இந்த வருடம் வந்தான். தலைப்பொங்கலுக்கு லீவு வாங்கிக்கொண்டு பெண்டாட்டியோடு வந்தான்.

அந்தப் பெண்டாட்டியை இசக்கிதுரை யோசிக்கவே இல்லை. மைதானத்தில் பேச்சிராஜா நேராக எங்கள் பக்கம் வந்து நின்றபோதுதான் அவனுக்கு உறைத்தது. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, இந்த ஒரு தடவை அந்தப் பக்கமே ஆடட்டும் என்று வாதாடிப் பார்த்தான். தாலி கட்டியவன் கட்டியவன்தான் என்று எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

பேச்சிராஜா தந்த முதல் பந்து இசக்கிதுரையின் முழங்காலில் பட்டு வெளியே தெறித்தது. அடுத்தது அவன் திரும்புவதற்குள் அவனைத் தாண்டிப் போய்விட்டது. கோலில் சும்மா நின்ற எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. இவன் எங்கே ஓடியிருக்க வேண்டுமோ அங்கே பந்து இருந்தது, இவன் இல்லை. இத்தனை வருடம் இவன் கோப்பை தூக்கி வருவதைப் பார்த்துப் புழுங்கிய எனக்குக் கொஞ்சம் குளிரத்தான் செய்தது.

அதன் பிறகு பந்து மெதுவாக வந்தது. வலது காலுக்கு, நின்ற இடத்துக்கே உருண்டு வந்தது. கடைசியில் பேச்சிராஜா மூன்று பேரை ஏமாற்றிக் கொண்டுபோய், கோல் வாசலில் நின்ற இவன் காலடியில் பந்தை வைத்தான். தொட்டாலே போதும். இவன் தொட்டான், கோல். நாங்கள் ஜெயித்தோம். எல்லோரும் இசக்கிதுரையைத் தோளில் தூக்கியபோது முதலில் கை கொடுத்தவன் பேச்சிராஜா. மேலே உட்கார்ந்திருந்தவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பிறகு டீக்கடையில் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம். இசக்கிதுரை டீயைத் தொடவில்லை.

"மொத ரெண்டு பந்த வேணும்னேதானலே வெரசா அடிச்ச, என்னைய அசிங்கப்படுத்தணும்னு?" என்று கேட்டான்.

பேச்சிராஜா தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லண்ணே. அது எப்பமும் போடுததுதான். அதையே எங்க கோச் ஸ்லோன்னு ஏசுவாரு. அதுக்குத்தான் என்னைய பெஞ்சுல உக்கார வச்சிருக்காவ."

உள்ளே ஆடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறதாம், சில நாள் சாப்பாடே இறங்குவதில்லையாம். இதை அவன் இசக்கிதுரையிடம் போய்ச் சொன்னான். ஷூவைப் பற்றி இசக்கிதுரை அன்று வாயைத் திறக்கவில்லை, இன்றுவரை திறக்கவில்லை.

அடுத்த வாரம் மேட்ச் வந்தது. வழக்கம்போல இவன் வீட்டு வாசலில் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். பெஞ்சைக் காட்டினார்கள், பேச்சிராஜா அங்கேதான் இருந்தான். கறிக்குழம்பு உண்டா என்று நான் கேட்டேன்.

இசக்கிதுரை சிரிக்கவில்லை. அவனை ஒரு தடவையாவது இறக்கிப் பார்க்கக் கூடாதா என்று போனைப் பார்த்து ஏசினான். உனக்கு எதற்கு இந்தக் கவலை என்றேன்.

"அவனே பெஞ்சுன்னா, நான் எங்கலே உக்காருவேன்?" என்றான்.